அம்மா என்றால் ஒரு ரொபி

1976 யூன் 3, வியாழன்

கச்சான் காற்று. விடிந்ததிலிருந்து வாய்க்குள் மண். துறைமுகக் கந்தோரில் தட்டச்சு இயந்திரத்துக்குள்ளும் மண். மூன்று கிழமை லீவுக் கடிதத்தில் பெரிய கிளாக்கர் இன்றுதான் கையெழுத்து வைத்தார். "லண்டனோ மிஸ்? திரும்பி வருவியளோ?" என்று ஒரு இளிப்பு. பல் முழுக்க வெற்றிலைக் காவி. அரியண்டம்.

செய்ய வேண்டியவை:
பிள்ளை ஜெசிக்கு ஊசி போட்ட அட்டை.
பெரிய சூட்கேசின் பூட்டு (பழுது).
ரொபி. கடை நானாவிடம் சொல்லி வைக்க வேண்டும். கடதாசி சுற்றின இனிப்பு. பசை பசையென்று ஒட்டுகிறது வேண்டாம்.

பிள்ளையின் தகப்பன் அன்ரனின் கடிதத்தை மறுபடி வாசித்தேன். நீலத்தாள் மடிப்பில் கிழிந்துபோயிற்று. "அக்கா, பிள்ளை மேபிளைக் கண்டவுடன் அம்மா என்று கூப்பிட வேண்டும். அப்படிப் பழக்கி வையுங்கோ. நீங்கள் நிற்கிற பத்து நாளில் ஒட்டாவிட்டால் பலவந்தம் வேண்டாம் என்கிறா மேபிள். உங்களோடு திரும்பி வரட்டும். பிள்ளைக்கும் திரும்புகிற ரிக்கெற் எடுத்திருக்கிறேன்."

பெருந்தன்மை. தூ. என் தங்கச்சி றீற்றா செத்தபோது இந்தப் பிள்ளைக்கு ஐந்து மாதம். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த கையோடு இவர் லண்டன். போன வருஷம் அங்கே இந்த மேபிளை, ஒரு ஆஸ்பத்திரித் தாதியை, கட்டிக்கொண்டார். இப்போது மூன்றரை வயதில் பிள்ளை வேண்டுமாம். பீத்துணி தோய்க்கிற காலம் முடிந்துவிட்டதல்லவா.

ஆனாலும் பழக்குகிறேன். மேபிளின் படத்தை மேசையில் வைத்து, "இது ஆர்?" "அம்மா." ஒரு ரொபி. இரண்டு மாதமாக இதுதான் நடக்கிறது. இப்போது படத்தைத் துடைக்க எடுத்தாலே பிள்ளை "அம்மா" என்று சொல்லிக் கையை நீட்டுகிறது.

யூன் 5, சனி

பக்கத்து வீட்டுப் பிலோமினா மச்சாள் வந்தா. வந்தவ சும்மா வரவில்லை, கருவாட்டுப் பார்சலோடு. லண்டனில் இருக்கிற தன் அண்ணன் பெடியனுக்காம். "என்ன, உங்களுக்கு ஒரு மூலையில வைக்க ஏலாதே?" சூட்கேசைத் திறந்து தானே வைத்தா. என் வெள்ளைச் சேலைக்கு மேலே. சீ.

அதற்குப் பிறகு ஒரே சனம். ஆர் ஆருக்கோ மிளகாய்த்தூள், ஊறுகாய், புளி. தயிர்க்கார உம்மா கிண்ணியாவிலிருந்து ஒரு முட்டித் தயிர் கொண்டுவந்தா. "பிள்ளைக்கு அங்க நல்ல தயிர் கிடைக்குமோ என்னவோ." முட்டியோடு தயிர் லண்டனுக்கு! ஏலாது என்று சொல்லலாம். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை.

மேபிள் அனுப்பின கம்பளிச் சுவெற்றரைப் பிலோமினா பிள்ளைக்குப் போட்டுப் பார்த்தா. இந்தச் சூட்டில். பிள்ளை இறால் அவித்த மாதிரிச் சிவந்து நின்றது. "சும்மா பழகட்டும் மச்சாள், அங்க ஐஸ் கொட்டுமெல்லே." யூன் மாதத்தில்? விசரி.

சுவரில் றீற்றாவின் படம் இருந்த இடம் வெள்ளையாகத் தெரிகிறது. பிள்ளை குழம்பக்கூடாது என்று ஏப்ரலில் நானே கழற்றி அலுமாரிக்குள் வைத்தேன். பிள்ளை ஒரு நாளும் கேட்கவில்லை.

யூன் 6, ஞாயிறு

பூசை. அதற்கு முன் பாவசங்கீர்த்தனம். சுவாமியிடம் சொன்னேன்: மேபிளைக் கண்டால் பிள்ளை அம்மா என்று சொல்லாமல் அழுது புரள வேண்டும், என்னோடே திரும்பி வரவேண்டும் என்று உள்ளுக்குள் கிடக்கிறது சுவாமி.  "ஒழுங்காகத்தானே பழக்கிறீர்?" என்று கேட்டார் அவர். ஓம் என்றேன். "அப்ப சரி. மூன்று அருள்நிறை மரியே சொல்லும்." அவ்வளவுதான். இதுக்குப் போய் நான் இரவு முழுக்க முழித்துக் கிடந்தேன்.

ஜெசி முதல் முதல் வாய் திறந்தபோது என்னைத்தான் அம்மா என்றது. நான்தான் திருத்தினேன். "அம்மா இல்லை ராசாத்தி, பெரியம்மா." அப்போது ரொபி ஒன்றும் கொடுக்கவில்லை. சும்மா சொன்னேன், கேட்டுக்கொண்டது.

யூன் 7, திங்கள்

கொழும்புப் பக்கம் பயணம். வாடகை வான் வண்டியில் பதினொரு பேர். போகிறவர்கள் இரண்டு பேர். மிச்ச ஆட்கள் ஏரோப்பிளேன் பார்க்க. சீனன்குடாவில் பறக்கிறதை நாளாந்தம் பார்த்துக்கொண்டு இருந்தவர்கள்தான் எல்லாரும்.

பிலோமினா பிள்ளைக்குச் சுவெற்றரைப் போட்டே விட்டா. கந்தளாய் தாண்டமுன் பிள்ளை சத்தி எடுத்தது. சுவெற்றரில், என் மடியில், சூட்கேசில். வான் முழுக்கப் புளித்த பால் மணம், அதோடு கருவாடு. ஹபறணையில் நிறுத்தி ஒரு கடைப் பீலியில் சுவெற்றரைக் கழுவினேன். கம்பளிக்குள் போன சத்தி போகாது. நூலுக்கு நூல் பிடித்துக்கொண்டு கிடக்கிறது. நகத்தால் சுரண்டினேன். மற்றக் கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு.

தயிர் முட்டியை வான் சாரதிக்குக் கொடுத்தேன். அங்கேயே சீனி போட்டுச் சாப்பிட்டார். உம்மாவிடம் பிள்ளை சாப்பிட்டது என்று சொல்ல வேண்டும். இன்னுமொரு பொய்.

பிள்ளை நித்திரையில் என் பெருவிரலைப் பிடித்துக்கொண்டு. கை வியர்த்து வழுவழு. எடுக்கவில்லை.

யூன் 8, செவ்வாய். ஏரோப்பிளேனில்

காலை கட்டுநாயக்கா. படம் பிடித்தார்கள், அழுதார்கள். எல்லாரிலும் பலமாக அழுதது பிலோமினா. அழுதுகொண்டே, "கருவாட்டைப் பெடியனிட்டைக் குடுக்காமல் வந்திடாதேங்கோ."

உள்ளே கதிரைகள் பஸ்ஸை விட நெருக்கம். மூடின அறை மணம்: சுருட்டு, செண்ட், ஆரோ கழற்றின சப்பாத்து. பக்கத்துக் கதிரையில் கழுத்துப்பட்டி கட்டின ஒரு கொழும்பு ஐயா. பிள்ளையைக் கண்டதும் ஒரு பெருமூச்சு.

கிளம்ப முதல் சேலை கட்டின பணிப்பெண் ஒரு தட்டோடு வந்தாள். தட்டு நிறைய ரொபி. காது அடைக்காமல் இருக்கவாம். ஜெசி நிமிர்ந்து இருந்து, அவள் முகத்தைப் பார்த்து, தெளிவாக, "அம்மா." கையை நீட்டியது.

அவள் பூரித்துப்போய் ஒரு பிடி அள்ளிக் கொடுத்தாள். அடுத்த பணிப்பெண் பஞ்சோடு வந்தாள். "அம்மா." கை. அடுத்தவள் சும்மா போனாள். "அம்மா." கை. அவளும் தேடி எடுத்துக்கொண்டுவந்து கொடுத்தாள். என் இரண்டு மாத உழைப்பு. எனக்குச் சிரிப்பும் வந்தது, என் முகத்தில் நானே துப்பவும் தோன்றியது.

ஐயா: "பிள்ளைக்குத் தாய் ஆர் எண்டு தெரியாதோ?"

"தெரியும். உங்களுக்குத்தான் வேலையில்லை" என்றேன்.

ஒரு மணித்தியாலம் கழித்துப் பிள்ளை அவ்வளவு ரொபியையும் அவர் சப்பாத்தில் சத்தி எடுத்தது. முதல் தடவையாக எனக்கு அது அரியண்டமாக இல்லை.

பின்னேரம் (எந்த ஊர்ப் பின்னேரமோ). சாப்பாடு: தண்ணீரில் அவித்த ஏதோ, அதன் மேல் வெள்ளையாக ஏதோ. பாண் கல்லு. பிள்ளை தொடவில்லை. கைப்பையிலிருந்து பிலோமினாவின் ஊறுகாயை எடுத்துப் பாணில் பூசினேன். பிள்ளை தின்றது. மச்சாளை ஏசினதில் கால்வாசியைத் திருப்பி எடுக்கிறேன்.

கக்கூஸ் என்றால் ஒரு அலுமாரி. அதற்குள் நானும் பிள்ளையும். தண்ணீர் இல்லை, கடதாசி. இழுத்தால் நீலத் தண்ணீர் உறுமிக்கொண்டு வருகிறது. பிள்ளை பயந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "பெரியம்மா, வீட்ட போவம். வீட்ட போவம்." வெளியே ஆரோ தட்டுகிறார்கள். ஈர நிலத்தில் என் செருப்பு ஒட்டுகிறது. அந்த நாறலுக்குள் நின்றுகொண்டு, ஓம் ராசாத்தி போவம் என்றேன். வாயில் வந்துவிட்டது. அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

யூன் 9, புதன். லண்டன்

நேற்று நடந்தது. இறங்கினபோது இரவு மணி எட்டு, வெளியே வெய்யில். இரவுக்கும் ஒரு ஒழுங்கில்லாத நாடு.

கடவுச்சீட்டுப் பார்த்தது ஒரு வெள்ளைக்காரி. ஜெசி அவளுக்கும், "அம்மா." கை. அவள் என்னைப் பார்த்து, நீதான் தாயா என்று இங்கிலீசில் கேட்டாள். நோ என்றேன். தாய் எங்கே? செத்துவிட்டா. அப்போது இது யாரைக் கூப்பிடுகிறது? அன்ரனின் கடிதத்தை எடுத்து நீட்டினேன். தமிழ்க் கடிதம். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒருவழியாக மனம் இரங்கி முத்திரை குத்தினாள், டக்கென்று.

வெளியே அன்ரன். தலையில் பாதி மயிர் இல்லை, வயிறு முன்னுக்கு. பக்கத்தில் மேபிள். காஞ்சிபுரம் சேலைக்கு மேல் கறுப்புக் கோட்டு.  இப்போது பிள்ளை அழ வேண்டும். இத்தனை பேரிடம் வீணாக்கின சொல், இவளிடம் வரக்கூடாது. மாதாவே, வரக்கூடாது.

பிள்ளை படத்தில் பார்த்த முகத்தை உடனே கண்டுபிடித்தது. "அம்மா." கையை நீட்டியது.

மேபிள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடிக்கத்தான் நீட்டியது என்று நினைத்துவிட்டாள். நடு வழியில் குந்தியிருந்து விம்மி விம்மி அழுகிறாள். "பாத்தியளே அன்ரன், என்னைக் கண்டவுடன பிள்ளைக்குத் தெரிஞ்சிட்டுது!" பிள்ளை அவள் தோளுக்கு மேலால் என்னைத் தேடிப் பார்த்தது. ரொபி எங்கே என்று. என் உள்ளங்கைக்குள் ஒன்று இருந்தது. நசிந்து பிசுபிசுத்துப்போய். கொடுக்கவில்லை.

அன்ரன்: "நல்லாப் பழக்கிப்போட்டியள் அக்கா."

நாய்க்குட்டி பழக்கினவளுக்குச் சொல்வது மாதிரி. சரியாகத்தான் சொன்னான்.

யூன் 11, வெள்ளி

மழை. தூறல் என்றும் இல்லை, மழை என்றும் இல்லை, மூக்கு ஒழுகுவது போல் ஒன்று. வீட்டுக்குள் நிலம் முழுக்கக் கம்பளம். அதற்குள் எத்தனை வருஷத்து ஊத்தையோ.

கருவாட்டு மணம் பொறுக்காமல் கீழ் வீட்டு வெள்ளைக்காரன் மேலே வந்து கதவில் தட்டினான். ஏதோ செத்துக் கிடக்கிறதாம்.

பிள்ளை என் பின்னாலேயே திரிகிறது. மேபிள் கூப்பிட்டால் "அம்மா", கை. அவள் ஒவ்வொரு முறையும் கையைப் பிடிக்கிறாள், முத்தம் வைக்கிறாள். பிள்ளை முகம் சுளித்துக் கையைத் துடைக்கிறது. மேபிள் என்னிடம், "அக்கா, பிள்ளைக்கு என்னில அரியண்டமோ?" கண் கலங்கி.

காரணம் சொல்லியிருக்கலாம். ஒரு வசனம் போதும். புதுவிடம் என்றபடியால் என்றேன். சுவாமி, இதை ஊருக்கு வந்து சொல்கிறேன்.

19ஆம் திகதி எனக்குப் பிளேன். பிள்ளையின் ரிக்கெற்றும் என் கைப்பையில்தான்.

யூன் 13, ஞாயிறு

பிள்ளைக்குக் காய்ச்சல். விடியச் சத்தி, பிறகு வயிற்றோட்டம். நான் வாளி தேடி ஓட முன் மேபிள் இரண்டு கையையும் குவித்து ஏந்தினாள். வெறும் கை. சேலையிலும் பட்டது. முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. "பரவாயில்லை குஞ்சு, பரவாயில்லை, எல்லாம் வரட்டும்." தாதிக்குப் பழக்கம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். திரும்பப் பார்த்தேன். பழக்கம் இல்லை அது.

மூன்று வருஷம் வளர்த்த நான் இன்னமும் மூக்கைப் பொத்துகிறேன்.

குறை சொல்ல ஒன்றாவது கிடைக்குமா என்று குசினியில் தேடினேன். தேத்தண்ணி வடி கழுவாமல் கிடந்தது. அவ்வளவுதான். நான் கேவலமான மனுஷி.

யூன் 14, திங்கள்

காய்ச்சல் விட்டது. மேபிள் வேலைக்குப் போகவில்லை. பிள்ளைக்கு அரிசிக் கஞ்சி. பிள்ளை ஒரு கரண்டி தின்கிறது, ஒரு கரண்டி அவளுக்குத் தீத்துகிறது. அவளும் அந்த எச்சில் கரண்டியில் குடிக்கிறாள்.

பின்னேரம் அலுமாரிக்குப் பக்கத்தில் கூப்பிட்டு மேபிளிடம் ரொபிக் கதையைச் சொன்னேன். கோபிப்பாள் என்று பார்த்தேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு, "அப்ப மிச்சத்தை என்னட்டைத் தாங்கோவன் அக்கா." கொடுக்கவில்லை. முடிந்துவிட்டது என்றேன்.

றீற்றாவின் படத்தைக் கொண்டுவந்திருக்கலாம். அலுமாரிக்குள்ளேயே விட்டுவிட்டு வந்தேன். இவள் சுவரில் கொளுவி வைத்திருப்பாள் போல் இருக்கிறது. அதுவும் எரிச்சல்.

யூன் 15, செவ்வாய்

காலை. வெய்யில் மாதிரி ஒன்று. குசினி மேசையில் நான். மேபிள் அடுப்படியில், முதுகு காட்டியபடி. பிள்ளையின் காலடிச் சத்தம் கேட்டதும், பழக்கத்தில், கைப்பையிலிருந்து ரொபியொன்றை எடுத்துக் கடதாசியை உரித்து வைத்துக்கொண்டேன். பிள்ளை வாசலில் நின்றது. என்னையும் ரொபியையும் பார்த்தது, பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பியது. "அம்மா" என்றது. மேபிள் திரும்பினாள்.

பிள்ளை கை நீட்டவில்லை.