அம்மா பெயருக்கு அடுத்த பெயர்

லேபினை
2004 செப்டம்பர் 6

செலிக் அண்ணனுக்கு,

உயிரோடு இருக்கிற என்னைச் செத்தவர்கள் சுவரில் ஏற்றிவிட்டாய். இது நீ செய்த அநியாயம். நீ பதில் போடாவிட்டாலும், வழக்கமாக உன் முழங்கால் வலியை விசாரித்துத்தான் தொடங்குவேன். இன்று விசாரிக்கவில்லை.

நம் பழைய ஜெபக்கூடத்தில் இருக்கும் அருங்காட்சியகத்தில், நாஜிகள் காலத்தில் யூதர்களை ஒளித்துவைத்துக் காப்பாற்றியவர்களுக்கு ஒரு பலகை மாட்டப் போகிறார்கள். என்னை மூன்று வருடம் உருளைக்கிழங்குக் கிடங்கில் வைத்துக் காப்பாற்றிய பார்போராவின் பெயரைக் கொடுக்கப் போனேன். பொறுப்பாளர் ரிமான்டே பட்டியலைப் பார்த்துவிட்டு, "அம்மா, நீங்க சொல்ற பிள்ளைய 1941-லயே காட்டுல சுட்டுட்டாங்களே. அவங்க அண்ணனே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காரு. செத்த பிள்ளைய ஒருத்தர் காப்பாத்தினாங்கன்னு எப்படி எழுதறது?" என்றாள்.

"அந்தப் பிள்ளை நான்தான்."

"அப்ப அண்ணன்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க."

பள்ளிக்கூடம் இரண்டு வருடம்தான் போனேன். ஆனாலும் அவள் மேசையில் இருந்த உன் கையெழுத்தைத் தலைகீழாகவே படித்தேன். எழுபத்திரண்டு வயதில் நான் உயிரோடு இருப்பதற்கு நீ ஒப்புதல் தர வேண்டியிருக்கிறது.

பிறகு காட்டுக்குப் போய், சுட்ட இடத்தில் கட்டியிருக்கிற நினைவுச் சுவரைப் பார்த்தேன். அம்மா பெயருக்கு அடுத்து என் பழைய பெயர், 'ஃபெய்கா, ஒன்பது வயது'. கீழே விளிம்பில் ஒரு கூழாங்கல். கொண்டுபோன சாமந்தியை என் பெயருக்கே வைக்க மனம் வராமல் திருப்பி எடுத்து வந்தேன்.

பார்போராவின் மகன் யூசாஸுக்கு எண்பது ஆகிறது. அவர் கண்ணால் பலகையைப் பார்க்க வேண்டும். அக்டோபர் முடியும்வரைதான் பெயர் வாங்குவார்கள். இரண்டு வரி எழுதி அனுப்பு.

அபோலோனியா


கவுனாஸ்
செப்டம்பர் 15

திருமதி அபோலோனியா அவர்களுக்கு,

உங்களை எனக்குத் தெரியாது. ஃபெய்கா என்று எனக்கொரு தங்கை இருந்தாள். 1958-இல் அவள் தேவாலயத்தில் கல்யாணம் செய்துகொண்டதாகச் செய்தி வந்த அன்றே கண்ணாடியைத் துணியால் மூடினேன், சட்டையைக் கிழித்தேன், தாழ்ந்த முக்காலியில் ஏழு நாள் துக்கம் இருந்தேன். மதம் மாறிப் போனவர் செத்தவருக்குச் சமம், எங்களில் அப்படித்தான். அருங்காட்சியகத்தார் இறந்தவர்கள் பெயர் கேட்டார்கள், கொடுத்தேன். வருடம் மட்டும்தான் பிசகு.

கல் நான் வைத்தது. செத்தவர்களுக்குக் கல் வைப்பதுதான் எங்கள் வழக்கம். அங்கே பூ கொண்டுவருகிறவர்கள் எங்களவர்கள் இல்லை.

முந்நூறு பேரைக் குழியில் தள்ளிய ஊரில் காப்பாற்றியவர்களுக்குப் பலகையாம். குழி வெட்டியவர்களுக்கு எங்கே பலகை என்று ரிமான்டேயைக் கேளுங்கள்.

என் முழங்கால் நன்றாகவே இருக்கிறது.

செலிக்


லேபினை
செப்டம்பர் 22

அண்ணா,

தெரியாதவளுக்கு முழங்காலைப் பற்றி எதற்கு எழுதுகிறாய்?

அன்று நீ ஊரில் இல்லை, கவுனாஸில் தச்சு வேலைக்குப் போயிருந்தாய். நான் இருந்தேன். சந்தையிலிருந்து எங்களைக் காட்டுக்கு வரிசையாக நடத்திப் போனார்கள். பார்போராவின் வேலி வந்ததும் அம்மா என் கையை உதறி, வேலியின் இடுக்கு வழியாகத் தள்ளினாள். "போடி. திரும்பிப் பாத்தே, கொன்னுடுவேன்" என்றாள். அம்மா என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

அவள் என்னை வரிசையிலிருந்து வெளியே தள்ளினாள். அறுபத்துமூன்று வருடம் கழித்து நீ என்னைப் பிடித்து இழுத்து மறுபடி அதிலேயே நிறுத்தியிருக்கிறாய்.

அபோலோனியா


கவுனாஸ்
அக்டோபர் 2

இதை ஏன் இத்தனை வருடம் என்னிடம் சொல்லவில்லை நீ?

நீ அவள் கையைப் பிடித்துக்கொண்டு போனாய் என்றுதான் நினைத்திருந்தேன். போர் முடிந்து நீ உயிரோடு வந்து நின்றபோதும் அந்த நினைப்பை என்னால் விட முடியவில்லை. அம்மா தனியாகப் போனாள் என்று கல்லில் எழுத மாட்டேன். கையெழுத்தும் போட மாட்டேன். இனிமேல் எழுதாதே.

செலிக்


லேபினை
அக்டோபர் 11

அண்ணனுக்கு,

அதுவரை வாய் வரவில்லை, கடைசியில் சொல்லத்தான் வந்தேன். கல்யாணம் முடிந்த மறுவாரம் உன் வீட்டு வாசலில் நின்றேன். கதவு திறந்தே இருந்தது. நீ முக்காலியில் உட்கார்ந்தபடி பக்கத்து வீட்டுக்காரரிடம், "வாசல்ல யாரோ நிக்கறாங்கங்கறீங்க, என் கண்ணுக்கு ஒண்ணும் தெரியல" என்றாய். அதன் பிறகு அதைக் கடிதத்தில் எழுத மனம் வரவில்லை.

அம்மா தனியாகத்தான் போனாள். நான் பிழைக்க வேண்டும் என்றுதான் போனாள். அதைப் பொய்யாக்க உனக்கு உரிமையில்லை.

இனி நடக்க வேண்டியதை எழுதுகிறேன். 1942-இல் பார்போரா ஒரு சிறுமியைக் கொண்டுவந்து, அபோலோனியா என்று ஞானஸ்நானம் கொடுக்க வைத்ததாகக் கோயில் ஏட்டில் இருக்கிறது. அந்தப் பக்கத்தின் நகலைப் பங்குத் தந்தை இந்த வாரமே தர வேண்டும், தருவதாகச் சொல்லிவிட்டார். ரிமான்டே அதைச் சாட்சியாக ஏற்றுப் பார்போராவின் பெயரைப் பலகையில் போட வேண்டும். மறுத்தால் தினமும் அவள் மேசைக்கு எதிரே போய் உட்காருவேன். குழி வெட்டியவர்கள் பெயரையும் அவள் எழுதி மாட்டத்தான் வேண்டும். அதில் மட்டும் நான் உன் பக்கம். சுவரிலிருந்து என் பெயரைக் கல்தச்சர் செதுக்கி எடுக்க வேண்டும். அந்தப் பள்ளத்தை அவர் பூச வேண்டாம், அம்மா பக்கத்தில் அப்படியே இருக்கட்டும். யூசாஸ் பலகைத் திறப்பு விழாவில் முன்வரிசையில் உட்கார வேண்டும்.

நீ விழாவுக்கு வர வேண்டும். யூசாஸின் முகத்தைப் பார்த்து, "உங்க அம்மாவால என் தங்கை உயிரோட இருக்கா" என்று உன் வாயால் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பாமல், அடுத்த பேருந்தில் ஊருக்குப் போய்விட வேண்டும்.

அபோலோனியா