மூன்றாவது கேமராவின் அரை நொடி

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். தையல் போட்ட இடம் இன்னும் இழுக்கிறது என்று எழுதியிருந்தாய். வாளி தூக்காதே. அத்தானிடம் கெஞ்சினால் சிரித்துவிட்டுப் போய்விடுவார், அதட்டியே சொல்.

இங்கே மலைமேல் போன் சாப்பாட்டு அறையில் இருக்கிறது. பேசினால் பத்துப் பேர் காதில் விழும், அதனால்தான் கடிதம். பகலில் தூங்க வேண்டும் என்று ஜன்னலில் கறுப்புக் காகிதம் ஒட்டியிருக்கிறார்கள். உன்னைப் பார்த்துவிட்டு வந்து ஏழு மாதமாகிறது. காகிதத்தின் ஓரத்தில் தெரிவதுதான் எனக்கு வெயில்.

அப்படி என்னதான் வேலை என்று கேட்டிருந்தாய். தொலைநோக்கிக்குள் வரும் வெளிச்சத்தை நான்கு நிறமாகப் பிரித்து, நிறத்துக்கு ஒரு கேமரா வைத்திருக்கிறோம். என் புரோகிராம் ஒவ்வொன்றிடமும் தயாரா என்று கேட்கும். நான்கும் தயார் என்று சொன்னபிறகே ஒரே கணத்தில் திறக்கவைக்கும். சிவப்பு நிறத்துக்கான மூன்றாவது கேமரா மட்டும் வெளியே கிளம்பும் அத்தான் மாதிரி, எப்போதும் கடைசி.

உனக்கு ஆபரேஷன் என்று செய்தி வந்த அன்று அந்தக் கேமரா சரியாகப் பதில் சொல்லாமல் வேலை நின்று நின்று போனது. கீழே போகும் வண்டி வாரத்துக்கு ஒன்றுதான். வண்டிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். மூன்றாவதற்காகக் காத்திருக்காதே, அது எப்போது திறந்தாலும் மற்றவை திறந்த நேரத்தையே அதற்கும் எழுது என்று புரோகிராமில் ஒரு வரி சேர்த்துவிட்டு ஓடிவந்தேன். திரும்பியதும் எடுத்துவிடலாம் என்றிருந்தேன். உன் கட்டில் பக்கத்தில் ஒன்பது நாள் உட்கார்ந்திருந்ததில் அடியோடு மறந்துபோனேன்.

போன மாதம் எங்கள் டாக்டர், ஊசி போடுகிறவர் இல்லை, நட்சத்திரம் பார்க்கிறவர், குதிக்காத குறையாக வந்தார். "இங்க பாரும்மா, இந்த நட்சத்திரத்துல மத்த நிறமெல்லாம் மங்குறதுக்கு அரை நொடி முன்னாடியே சிவப்பு மங்கிடுது. இதை யாருமே பார்த்ததில்ல!" என்றார். அந்த அரை நொடி என் கைவேலை, அக்கா. தாமதமாகத் திறந்த கேமராவுக்கு முந்தைய நேரத்தை எழுதினால் அதில் எல்லாமே முந்தித்தான் தெரியும். வரும் திங்கட்கிழமை இதைப் பற்றிய கட்டுரையை அனுப்புகிறார். என் பெயரையும் போட்டிருக்கிறார்.

லீவு தர மாட்டேன் என்கிறார்கள் என்று உனக்கு எழுதியது பொய். அதன்பிறகு இரண்டு முறை அவர்களாகவே போகச் சொன்னார்கள், நான்தான் மறுத்துவிட்டேன். என் நாற்காலியில் வேறு யார் உட்கார்ந்தாலும் அந்த வரியைப் படித்துவிடுவார்கள். "இந்தப் பொண்ண விட்டா இதை ஓட்ட ஆளில்ல" என்று டாக்டர் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லும்போது நான் குனிந்து கீபோர்டைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

அன்று உன்னிடம் ஓடிவந்ததற்காக நான் ஒரு நாளும் வருந்தியதில்லை. உன்னால்தான் என்று மட்டும் நினைத்துவிடாதே.

அந்த வரியைத் தாளில் அச்செடுத்து வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தை வண்டியில் கொடுத்துவிட்டு நேராக டாக்டரின் கதவைத் தட்டப்போகிறேன். தட்டாமல் திரும்பிவிடுவேனோ என்று பயந்துதான் உனக்கு முதலில் எழுதுகிறேன்.

அடுத்த வாரம் நான் பெட்டியோடு வந்து நின்றால் நீயும் அத்தானும் ஏன், எதற்கு என்று விசாரிக்காதீர்கள். ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் என்னைப் பார்த்து, "வந்துட்டியா?" என்று கேட்டாயே, அதை மட்டும் கேள்.

நீ நூறாண்டு நலமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,
உன் தங்கை