பதினோராவது வாரத்து அத்திப்பழம்

அன்பு மகள் கிஸ்லானுக்கு, செஃப்ரூவிலிருந்து வாப்பா எழுதுவது. அல்லாஹ் கிருபையில் நான் சுகம், முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. மொன்ட்ரியாலில் நீயும் மருமகன் அனஸும் சுகமா? ஜனவரியிலிருந்து நீ என் போனை எடுப்பதில்லை, நாலு மாதமாகிவிட்டது, அதனால் தபாலில் கேட்கிறேன். கடிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாது பார்.

இங்கே செர்ரி பழுக்கத் தொடங்கிவிட்டது, திருவிழாவுக்குப் பந்தல் போடுகிறார்கள். உன் உம்மா மவுத்தாகி மூன்று வருஷம், வீட்டில் இப்போது ஆகப் பெரிய சத்தம் பிரிட்ஜ் போடுவதுதான். பஸ் ஓட்டிய முப்பது வருஷமும் பின்னாலிருந்து ஐம்பது பேர் கத்துவார்கள், வாயை மூடுங்கள் என்று திட்டுவேன். இப்போது யாராவது கத்தினால் தேவலை என்று இருக்கிறது. ஒரு ரொட்டி வாங்கினால் இரண்டு நாள் கிடக்கிறது, தேநீர் கொதித்ததும் பழக்கதோஷத்தில் இரண்டு கிளாஸ் எடுத்துவிட்டு ஒன்றைத் திரும்ப வைக்கிறேன்.

மாடி வீட்டு ரஹ்மாவின் மகள் வியாம் எட்டாம் வகுப்பு வந்துவிட்டாள். ரஹ்மா தையல் கம்பெனியிலிருந்து வர சாயங்காலம் ஆகும், அதுவரை அவள் நம் வீட்டில்தான் படிக்கிறாள். போன வாரம் வயிற்றில் பிள்ளை வளர்கிற பாடம். எனக்குக் கூச்சம், ரஹ்மா வரட்டும் என்றேன். "நாளைக்குப் பரீட்சை தாத்தா, நீங்க கேள்வி மட்டும் கேளுங்க, வெக்கத்தை அப்புறமா படலாம்" என்றாள். வாய்க்காரி. புத்தகம் பிரெஞ்சில் இருக்கிறது, எனக்குப் படம் மட்டும்தான் புரியும். ஒவ்வொரு வாரமும் பிள்ளை எவ்வளவு பெரிது என்று காட்ட அடுப்படியிலிருந்து சாமான் கொண்டுவரச் சொன்னாராம் டீச்சர். என் டப்பாக்களைத் திறந்து மேஜையில் வரிசை வைத்தாள். ஆறாவது வாரம் ஒரு பருப்பு, எட்டாவதுக்கு ஆலிவ்காய், பதினோராவதுக்கு உலர்ந்த அத்திப்பழம். நான் ஒவ்வொன்றாகத் தொட்டுக் கேட்டேன், அவள் கடகடவென்று சொன்னாள்.

அத்திப்பழத்துக்கு வந்தபோதுதான் நான் சும்மா இருக்காமல், நம் ஊரில் சொல்கிற மாதிரி இந்த வாரத்தில் பிள்ளை வயிற்றிலேயே தூங்கிப்போனால் எத்தனை வருஷம் கழித்து முழிக்கும் என்று கேட்டேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "யாரு சொன்னா தாத்தா? அதெல்லாம் வருஷக்கணக்காத் தூங்காது. வளரும், இல்லேன்னா இறந்துபோயிடும். பரீட்சைல இப்படி எழுதினா எனக்கு முட்டைதான்." பிறகு படத்தைக் காட்டி, இதயம் எப்பவோ துடிக்க ஆரம்பிச்சாச்சு, இந்த வாரத்துல விரல்கூட தனித்தனியாப் பிரிஞ்சிடும் என்றாள். கையில் பத்து விரலும் இருக்குமா என்று கேட்டேன். "எண்ணிப் பாருங்களேன்" என்றாள். கண்ணாடி போட்டு எண்ணினேன் மகளே. பத்தும் இருந்தன. அதற்கு மேல் கேள்வி கேட்க என்னால் முடியவில்லை, தலைவலி என்று சொல்லி அவளை மாடிக்கு அனுப்பிவிட்டேன்.

ஜனவரியில் நீ போனில் "பதினோரு வாரம் வாப்பா, போயிடுச்சு" என்று அழுதாய். நான் என்ன சொன்னேன்? "போகலம்மா, தூங்குது, டாக்டரைக் கை வைக்க விடாதே, அதுவா ஒரு நாள் முழிக்கும்" என்றேன். "என் பிள்ளைக்காக என்னை அழக்கூட விடமாட்டீங்களா?" என்று கேட்டுப் போனை வைத்துவிட்டாய். எனக்குக் கோபம் வந்தது. நம் ஊரில் கர்ப்பம் நின்றுபோன எல்லாருக்கும் அப்படித்தானே சொல்கிறோம், இவள் மட்டும் பெரிய படிப்புக்காரி என்று முணுமுணுத்தேன். உனக்கு ஐந்து வயதில் உன் உம்மாவுக்கும் அப்படி ஆனது, அவளிடமும் நான்தான் சொன்னேன். ஏழு வருஷம் வயிற்றில் கை வைத்துத் தூங்குது தூங்குது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அழவே இல்லை, நான் நல்ல ஆறுதல் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டேன். அவளை அழவிடவில்லை என்று இப்போதுதான் தெரிகிறது. அவளிடம் மன்னிப்புக் கேட்க முடியாது. உன்னிடம் கேட்கிறேன். உன் பிள்ளைக்கு விரல் இருந்தது என்று எனக்குத் தெரியாது மகளே.

வியாம் பரீட்சையில் இருபதுக்குப் பதினேழு. பருப்பையும் ஆலிவையும் டப்பாவில் போட்டுவிட்டேன், அத்திப்பழம் மட்டும் இன்னும் மேஜையில் இருக்கிறது, எடுத்து வைக்கவும் மனசில்லை, தின்னவும் மனசில்லை. நீ வேளைக்குச் சாப்பிடு. அழுகை வந்தால் அழு, அனஸையும் அழ விடு. அல்லாஹ் உங்கள் இருவர் மனசையும் குளிர வைப்பான். ஒன்றை மட்டும் மறக்காதே, போன் வேண்டாம், ஒரு வரி எழுதினால் போதும். பிள்ளைக்கு நீ மனசுக்குள் ஏதாவது பெயர் வைத்திருந்தால் எழுது. வெள்ளிக்கிழமை உன் உம்மா கபருக்குப் போகும்போது, அவளுக்குப் பேரப்பிள்ளை இருந்ததைப் பெயரோடு சொல்ல வேண்டும்.

உன் வாப்பா,
அல்லால்