தபால்காரனின் ஒரே வசனம்

ரூசே, பல்கேரியா,
செப்டம்பர் 22, 2012

என் பழைய தோழன் லூபெனுக்கு,

மின்ச்சோ எழுதுகிறேன். உன் தொண்டை எப்படி இருக்கிறது? வியன்னாவில் இப்போதே குளிர் தொடங்கியிருக்கும். மகள் வீட்டில்தான் இருக்கிறாய், நன்றாகக் கவனித்துக்கொள்வாள். இருந்தாலும் லிண்டன் பூத் தேநீரில் தேன் கலந்து தினமும் குடி. அக்டோபர் பதினான்காம் தேதி வரைக்கும் உன் குரல் கெட்டுப்போகக் கூடாது. இந்த ஊரில் அதைப் பற்றி என்னைவிட அதிகமாகக் கவலைப்படுகிறவன் வேறு யாரும் இல்லை.

உன் எழுபத்தைந்தாவது பிறந்தநாள் விழாவுக்கு ரயில் நிலையத்திலிருந்து ஆற்றங்கரை வரை சுவரொட்டி ஒட்டியிருக்கிறார்கள். படம் உனக்கு நாற்பத்தைந்து வயதில் எடுத்தது, அதனால் அழகாகத்தான் இருக்கிறாய். கீழே என் பெயரும் இருக்கிறது, விளக்குப் போடுகிறவர் பெயருக்கு ஒரு வரி மேலே. டிக்கெட் எல்லாம் இரண்டே நாளில் தீர்ந்துவிட்டது.

இப்போது நம் அரங்கத்தை நடத்துவது விளாடா என்ற பெண். சுறுசுறுப்பானவள். போன வாரம் கூப்பிட்டாள். “மின்ச்சோ அண்ணே, லூபென் சார் வியன்னாவுல இருந்து பேசினாரு. அந்தக் கடிதக் காட்சியத்தான் நடிப்பாராம். தபால்காரரா நீங்கதான் வரணுமாம், வேற யாரையும் போடக் கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிட்டாரு” என்றாள். நான் உடனே சம்மதித்துவிட்டேன். அவளுக்கே ஆச்சரியம், இரண்டு நாளாவது பிகு செய்துகொள்வேன் என்று நினைத்திருக்கிறாள்.

அந்தக் காட்சியை நீ ஏன் கேட்டாய் என்று எனக்குத் தெரியும். சொத்தையெல்லாம் இழந்த பண்ணையார் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். தபால்காரன் வந்து உறையை நீட்டுகிறான். இறந்துபோன தம்பி எழுதிய கடிதத்தைப் பண்ணையார் சத்தமாகப் படிக்கிறார். எட்டு நிமிடம் நீதான், நீ மட்டும்தான். ஒரு வரிகூட மனப்பாடம் செய்ய வேண்டாம், எல்லாம் தாளில் இருக்கும். பதினோரு வருடம் அந்த நாடகம் ஓடியது, பதினோரு வருடமும் நீ தாளைப் பார்த்துத்தான் படித்தாய். “எழுதி வச்சதப் படிக்கறதுக்கு எதுக்குடா மனப்பாடம்? மூளையில எனக்கு வேற வேலை இருக்கு” என்பாய்.

வர்னாவில் ஒரு தடவை மேடைச் சாமான் பார்க்கிறவள் மறந்துபோய் வெற்றுத் தாளை உறைக்குள் வைத்துவிட்டாள், நினைவிருக்கிறதா? பிரித்துப் பார்த்ததும் உன் முகத்தில் ரத்தமே இல்லை. நல்லவேளை, மேடை விளிம்புப் பெட்டிக்குள், வசனம் எடுத்துக்கொடுக்கிற பெனா அக்கா இருந்தாள். முழுக் கடிதத்தையும் அவளே கீழேயிருந்து சொல்லிக்கொடுத்தாள், முன்வரிசைக்கெல்லாம் கேட்டது. அந்தப் பெனா அக்கா போன வருடம் இறந்துவிட்டாள். அவளுடைய பெட்டியைப் பலகை அடித்து மூடி அதன்மேல் ஒரு விளக்கை வைத்துவிட்டார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் காதில் ஏதோ கருவியை மாட்டிக்கொள்கிறார்கள். உனக்கு அது சரிப்படாது, உன் இரண்டு காதிலும் ஏற்கெனவே கருவி இருக்கிறது.

எனக்கு அந்தக் காட்சியில் ஒரே வசனம். “கையெழுத்துப் போடுங்க, ஐயா.” உறையைக் கொடுக்கும்போதே அதைச் சொல்லிவிட்டு நான் போய்விட வேண்டும், அப்படித்தான் எழுதியிருந்தது. நான்தான் மாற்றினேன். கதவருகே நின்று கடிதம் முழுவதையும் கேட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பி, வாசலில் ஞாபகம் வந்து திரும்பி, பதிவேட்டை நீட்டி அதைச் சொன்னேன். அழுதுகொண்டிருந்த கூட்டம் சிரித்துக் கை தட்டியது. நீ ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

ஐம்பத்து மூன்று வருடமாக இதுதான் என் பிழைப்பு. முடிதிருத்துகிறவன், டிக்கெட் பரிசோதகர், இரண்டு பாதிரியார், குடிகார மாட்டு வைத்தியர், கதவைத் திறந்து ஐயா வீட்டில் இல்லை என்று சொல்கிற வேலைக்காரன். படங்களில் ஏழு தடவை சுடப்பட்டுச் செத்திருக்கிறேன். என் முகம் எல்லோருக்கும் தெரியும், பெயர் ஒருவருக்கும் தெரியாது. போன மாதம் சந்தையில் ஒரு அம்மாள், “உங்கள எங்கியோ பாத்திருக்கேனே, எங்க தெருவுல குழாய் ரிப்பேர் பண்ண வருவீங்கல்ல?” என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு அழைத்துப் போய்க் குழாயைக் காட்டினாள், சரி செய்து கொடுத்துவிட்டு வந்தேன். இதிலெல்லாம் எனக்கு வெட்கம் கிடையாது. ஒருவன் கதவைத் திறக்கிற விதத்திலேயே அவன் காலையில் யாரோடு சண்டை போட்டான் என்று என்னால் காட்ட முடியும். உன்னால் முடியாது.

ஆனால் இது நானாகத் தேடிக்கொண்ட வாழ்க்கை இல்லை. அந்த மலைப்பள்ளி ஆசிரியர் படத்துக்குக் கதாநாயகனாக முதலில் என்னைத்தான் எடுத்திருந்தார்கள். கோட்டுக்கு அளவெடுத்து, மீசை ஒட்டிப் பார்த்து, எல்லாம் ஆகிவிட்டது. எழுபத்திரண்டு ஜனவரியில் தொலைபேசி வந்தது. “மேலேருந்து வேண்டாம்னுட்டாங்க, காரணம் மட்டும் கேக்காதீங்க” என்றார் இயக்குநர். அதே மாதம் என் மனைவி நேவெனாவையும் பள்ளிக்கூட வேலையிலிருந்து நிறுத்தினார்கள். குழந்தைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்தவளை ஊறுகாய்த் தொழிற்சாலைக்கு அனுப்பி, சுட்ட மிளகாய்க்குத் தோல் உரிக்க வைத்தார்கள். பத்தொன்பது வருடம். விரல் நுனியெல்லாம் வெந்து வெந்து உணர்ச்சி போய்விட்டது. பியானோவை விற்ற அன்றைக்குக்கூட அவள் அழவில்லை, நான்தான் அழுதேன்.

அந்தப் படம் உனக்குப் போனது. நாடே உன்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. நீ எங்கள் வீட்டுக்கு வந்து என் தோளில் கை போட்டு, “கவலப்படாதடா, நான் பேசி உனக்கும் ஒரு வேஷம் வாங்கித் தரேன்” என்றாய். வாங்கியும் தந்தாய். உனக்குச் சூப் கொண்டுவந்து வைக்கிற உணவக ஊழியன். நீ வசனத்தை மறந்துகொண்டே இருந்தாய், நான் பதினான்கு தடவை அந்தச் சூப்பைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். சாயங்காலம் நேவெனா நன்றி சொல்லி உன் கையில் முத்தமிட்டாள். அதை நினைத்தால் இப்போது எனக்கு வயிறு எரிகிறது.

ஏன் இப்போது எரிகிறது என்று கேட்பாய். பிப்ரவரியில் நான் சோபியாவுக்குப் போய்வந்தேன். கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில் யார் யார் நம்மைப் பற்றி ரகசியப் போலீசுக்கு என்ன எழுதிக் கொடுத்தார்கள் என்ற கோப்புகளைக் கேட்டால் காட்டுகிறார்கள். ஓய்வூதியர் சங்கத்தில் எல்லோரும் மனுக் கொடுத்தார்கள், நானும் கொடுத்தேன், அவ்வளவுதான். ஒரு பெண் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். என்னைப் பற்றி மொத்தம் பத்தொன்பது தாள். அங்கேயும் எனக்குச் சின்ன வேஷம்தான்.

முதல் இரண்டு தாள், எழுபத்தொன்றில் புனித நிக்கோலாஸ் பண்டிகையன்று எங்கள் வீட்டில் நடந்தது பற்றி. நேவெனா கெண்டை மீனுக்குள் வால்நட் அடைத்துச் சுட்டிருந்தாள். நீங்கள் எல்லோரும் கேட்டதால் நான் கட்சிச் செயலாளர் மாதிரி பீட்ரூட் அறுவடையைப் பற்றிப் பேசிக் காட்டினேன். சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து சரிந்தவன் நீ. “இன்னொரு தடவ பண்ணுடா, அந்த இருமலோட பண்ணு” என்று கெஞ்சியவனும் நீ. தாளில் அந்த இருமல்கூட விடாமல் இருக்கிறது. கீழே ‘ராஜாளி’ என்று புனைபெயரில் கையெழுத்து.

எழுத்தை வைத்து நான் கண்டுபிடிக்கவில்லை, கோணல் எழுத்து எல்லோருக்கும் வரும். மூச்சுக் கோடுகளை வைத்துக் கண்டுபிடித்தேன். நடிப்புப் பள்ளியில் முதல் வருடத்திலிருந்தே உனக்கு அந்தப் பழக்கம். வசனத் தாளில் மூச்சு விடுகிற இடத்தையெல்லாம் குறிப்பாய், சின்ன மூச்சுக்கு ஒரு கோடு, பெரிய மூச்சுக்கு இரண்டு கோடு. “காய்கறிக் கடைச் சீட்டுக்கும் கோடு போடுவ போலிருக்கே, லூபென்” என்று நம் ஆசிரியை கேலி செய்வாள். அந்தத் தாளில் இப்படி இருக்கிறது: மற்ற ஐந்து பேரும் சிரித்தார்கள் | நான் சிரிக்கவில்லை || அவருடைய மனைவி | வெளிநாட்டு வானொலி கேட்கும் பழக்கம் உள்ளவர் ||

காட்டிக் கொடுக்கும்போதும் நன்றாக வர வேண்டும் என்று ஒத்திகை பார்த்திருக்கிறாய். வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாய். உலகத்தில் வேறு எந்த உளவாளியும் செய்திருக்க மாட்டான்.

வீட்டுக்கு வந்து, நேவெனா இறந்தபோது நீ எழுதிய இரங்கல் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். என் சகோதரி போய்விட்டாள் || என்று எழுதியிருக்கிறாய். பெரிய மூச்சு.

வயதாகிவிட்டது, மன்னித்துவிட்டேன் என்று எழுத மார்ச்சில் ஒரு கடிதம் தொடங்கினேன். இரண்டு வரிக்கு மேல் போகவில்லை. எனக்குப் பொய் மேடையில்தான் வரும். என் வேஷத்தைப் பிடுங்கினாய், அதையாவது விட்டுத் தொலைக்கலாம், நடிகர்களுக்குள் நடக்காததா? நேவெனாவைப் பற்றி எதற்கு எழுதினாய்? அவள் உனக்கு என்ன கெடுதல் செய்தாள்? ஒவ்வொரு ஈஸ்டருக்கும் சாயம் தோய்த்த முட்டைகளைப் பஞ்சில் பொதிந்து உனக்கு அனுப்பினாள். கடைசி வாரத்தில், பேச்சே குழறும்போது, “லூபெனுக்கு மிளகாய்த் தொக்கு ஒரு ஜாடி எடுத்து வை, அந்த ஊர்ல நல்லது கிடைக்காது” என்றாள். உன்னைத்தான் எங்கள் குடும்பத்துக்கு நல்லது செய்தவன் என்று நம்பிக்கொண்டே போய்ச் சேர்ந்தாள். அந்த ஜாடி இன்னும் அலமாரியில் இருக்கிறது. வரும்போது எடுத்துக்கொண்டு போ, எனக்கு அது வேண்டாம்.

இப்போது விழா விஷயத்துக்கு வருகிறேன். “சாமான் பாக்கறதுக்கு இப்ப ஆளே இல்ல அண்ணே, கடிதத்த நீங்களே எழுதிக் கொண்டாந்துருங்க” என்று விளாடா சொல்லிவிட்டாள். நான் புதிதாக ஒன்றும் எழுதவில்லை. அந்த இரண்டு தாளின் நகலைத் தேநீரில் நனைத்துக் காயவைத்திருக்கிறேன், பழைய கடிதம் மாதிரியே இருக்கிறது. எழுத்துப் பெரிதாகத் தெரிகிறது, உனக்குக் கண்ணாடி தேவைப்படாது.

உனக்குத் தப்பிக்க வழியே வைக்கவில்லை என்று நினைக்காதே. மூன்று வாரம் இருக்கிறது. தம்பியின் கடிதத்தை இந்தத் தடவையாவது மனப்பாடம் செய். தாளைப் பார்க்காமல் எட்டு நிமிடமும் நீ சொல்லிவிட்டால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது, வழக்கம்போல் கதவருகே நின்று அழுதுவிட்டுப் போகிறேன். ஆனால் உன் மகளுடைய தொலைபேசி எண்ணே உனக்கு நினைவில் நிற்பதில்லை என்று விளாடா சொன்னாள்.

நெஞ்சு வலி, கண் இருட்டுகிறது என்று தாளை மடித்துவிடலாம் என்றும் தோன்றும். மடித்துப் பார். “ஐயாவுக்குக் கண்ணு சரியாத் தெரியல, நான் படிச்சுக் காட்டறேன்” என்று தபால்காரன் முன்னால் வருவான். உன் குரலிலேயே படிப்பான். செயலாளரை நான் நாலைந்து கூட்டத்தில் பார்த்ததோடு சரி, அவரையே அப்படிச் செய்தேன். உன்னை ஐம்பத்தைந்து வருடம் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். மூச்சு விடுகிற இடத்தையும் நீயே குறித்து வைத்திருக்கிறாய். வராமலே இருந்துவிட்டாலும் இதேதான் நடக்கும். ஜனங்கள் டிக்கெட் வாங்கிவிட்டார்கள், யாராவது மேடை ஏறத்தானே வேண்டும்.

ஆகையால் உன்னைக் கேட்டுக்கொள்கிறேன், லூபென், வா. நான் படிப்பதைவிட நீ படிப்பதுதான் முறை. முன்வரிசையில் ஏழாம் எண் இருக்கையை நேவெனாவுக்கென்று கேட்டு வாங்கியிருக்கிறேன், அதில் அவளுடைய சால்வையைப் போட்டு வைப்பேன். நாற்பத்தொரு வருடம் அவள் கேட்காமல் போனதை உன் வாயால் ஒரு தடவை கேட்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போனேன். கீழ்த்தட்டில் இறந்தவர்களுக்கான மணலில் அவளுக்கு ஒரு மெழுகுவர்த்தி வைத்தேன். மேல்தட்டில், உயிரோடு இருப்பவர்களுக்கான இடத்தில், உனக்கு ஒன்று. உனக்கு நல்ல உடம்பையும் நல்ல தொண்டையையும் கொடுக்கச் சொல்லி மனதார வேண்டிக்கொண்டேன், பதினான்காம் தேதி வரைக்குமாவது.

நீ படித்து முடித்ததும் கதவருகிலிருந்து திரும்பி வந்து பதிவேட்டை நீட்டுவேன். என் ஒரே வசனத்தைச் சொல்வேன். ராஜாளி என்று போட்டுவிடாதே. அம்மா அப்பா வைத்த பெயரைப் போடு.

இப்படிக்கு,
உன் தபால்காரன்
மின்ச்சோ