அவர்கள் வெளியே போனார்கள், அக்கா உள்ளே போனாள்

2024 பிப்ரவரி 6, செவ்வாய்

அத்தாவுக்கு மூட்டு வலி. இன்றும் சாக்குக் கடையில் நான்தான். பி.காம். இரண்டாம் வருஷத்தோடு கல்லூரியை விட்டதற்கு இதுதான் பரிசு - பழைய சாக்கை உதறி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, எங்கே ஓட்டை என்று பார்ப்பது.

மதியம் சென்னையிலிருந்து ஏஜென்ட் போன். ஃபரீன் அக்காவுக்கு இங்கிலாந்தில் முதியோர் இல்ல வேலை தயார். ஆனால் அங்கே புதுச் சட்டம் வருகிறது. மார்ச் பதினொன்றுக்குள் விண்ணப்பம் போட்டால் மகள் சமீஹாவையும் கூட்டிப் போகலாம். தாண்டினால் அக்கா மட்டும்தான். விண்ணப்பத்துக்கு முன்னால் இங்கிலீஷ் பரீட்சை எழுத வேண்டும். பரீட்சை சென்னையில், 24ஆம் தேதி.

அக்கா இத்தாவில் இருக்கிறாள். சுஐப் மச்சான் மௌத்தாகி இன்றோடு அறுபத்து நாலு நாள். புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வாசப்படி தாண்டக் கூடாது. இதை அந்த நாட்டுக்காரனுக்கு யார் சொல்வது?

நெல்லுக்குச் சாக்கு வாங்க வந்த மணலூர்பேட்டை தீனதயாளனிடம் சொன்னேன். பேப்பரை ஒரு வரி விடாமல் படிக்கிற மனுஷன்.

"அவங்க ஐரோப்பாக்காரங்களோட ஒரே கூட்டா இருந்தாங்கம்மா. சாமான் போவலாம், ஆளும் போவலாம், கேள்வி கெடையாது. 'நம்ம சோத்த அடுத்தவன் துன்றான்'னு ஓட்டுப் போட்டு வெளிய வந்துட்டாங்க. வந்து பாத்தா, கெழவனுங்களுக்கு சோறு ஊட்ட ஆளில்ல. அதான் உங்கக்காவ கூப்பிடறான்."

"அப்ப வெளிய வந்து இன்னா லாபம்?"

"நான் பால் சங்கத்த வுட்டு வந்தனே, எனக்கு இன்னா லாபம்? காலைல எட்டுத் தெரு சுத்தறேன். ஆனா ஒருத்தன் என்னைக் கேள்வி கேக்க முடியாது."

"விக்காத பாலு?"

"மோரு. இந்த வாயிக்குதான் உன்ன காலேஜ்ல வெச்சிக்கல."

யாரும் அனுப்பவில்லை, நானாகத்தான் வந்தேன் என்றேன். "ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்று சாக்குக் கட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்.

பிப்ரவரி 9

பரீட்சைக்கு அனுப்ப முடியாது என்று அத்தா சொல்லிவிட்டார். "மௌத்தானவனுக்கு ஒரு மரியாதை இல்லையா?" அம்மா வெங்காயத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். நான் கத்தினேன். மூணு வயசுப் புள்ளைய ஆயுசுக்கும் பிரிச்சி வெக்கறதுதான் மரியாதையா? இன்னா மரியாதை அது?

அக்கா என் கையைப் பிடித்தாள். "வுடு நௌஷி. அந்த ரூலு மாறினாலும் மாறும்."

பி.எஸ்சி. நர்சிங் படித்தவள். அவளாவது ஒரு வார்த்தை பேசக் கூடாதா?

மார்ச் 11

கதவு மூடியாச்சு, இனி அக்கா மட்டும்தான். நாளை நோன்பு ஆரம்பம்.

ஏப்ரல் 14

இத்தா முடிந்தது. அக்காவுக்காக துஆ கேட்கச் சொல்ல அத்தா பள்ளிவாசலுக்குப் போனார். பேச்சோடு பேச்சாகப் பரீட்சை விஷயத்தையும் சொல்லியிருக்கிறார். ஹஸ்ரத் அதிர்ந்து போய்விட்டாராம். "தேவைன்னா பகல்ல வெளிய போவலாமே பாய். ராத்திரிக்கு வூடு வந்து சேரணும், அவ்ளோதான். வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

நாங்கள் யாருமே கேட்கவில்லை. தெரியும் என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். நானும்தான் - கத்தத் தெரிந்த எனக்கு, நாலு தெரு தள்ளிப் போய்க் கேட்கத் தோன்றவில்லை.

அத்தா செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து அக்கா எதிரில் நின்றார். "நான் கேக்கலம்மா" என்றார். அக்காதான் அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

ஆகஸ்ட் 20

அக்கா போய்விட்டாள். அங்கே போய்ப் படித்து நர்ஸ் பரீட்சை பாஸ் பண்ணினால் வேறு விசா. அதில் பிள்ளையைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். எத்தனை வருஷம் ஆகும் என்று நான் கேட்கவில்லை.

சமீஹா விமான நிலையத்தில் அழவில்லை. திண்டிவனம் தாண்டும்போது அழுதாள். பிறகு என் துப்பட்டாவை விரலில் சுற்றிக்கொண்டே தூங்கிவிட்டாள்.

நவம்பர் 17, ஞாயிறு

அக்கா போனில் ஒரு தாத்தாவைப் பற்றிச் சொன்னாள். பெயர் ஆலன். எண்பத்து நாலு வயது. மீன்பிடி படகு வைத்திருந்தவர்.

"வெளிய வந்தா கடல் நம்மளுது ஆயிடும்னு ஓட்டுப் போட்டாராம்."

"ஆச்சா?"

"பையன் மீன அந்தப் பக்க நாட்டுக்கு வித்துக்கினு இருந்தான். இப்ப ஒரு பொட்டி அனுப்ப பத்து காயிதம் எழுதணுமாம். படகையே வித்துட்டான்."

அக்காவுக்கு முன்னால் எலேனா என்ற ரொமேனியாக்காரப் பெண்தான் அவருக்குச் சோறு ஊட்டியிருக்கிறாள். சொந்த நாட்டுக்கே திரும்பிப் போய்விட்டாள். அவர் தினமும் அக்காவிடம், எலேனா எப்போது வருவாள் என்று கேட்கிறாராம்.

"நீங்க ஓட்டுப் போட்டுதான் அனுப்பிட்டீங்கன்னு சொல்றதுதானே?"

"வாயப் பாரு. நாளைக்கு வருவான்னு சொல்லி ஊட்டி வுட்றேன்."

போனை வைத்ததும் சமீஹா கேட்டாள், அம்மா எப்ப வரும் என்று. நாளைக்கு என்றேன்.

2025 பிப்ரவரி 2

நைனார்பாளையத்தில் ஒரு நிக்காஹ். கூட்டத்தில் சமீஹா என்னைத் தவறவிட்டுவிட்டு "அம்மா!" என்று கத்திக்கொண்டு வந்து காலைக் கட்டிக்கொண்டாள். சின்னம்மா இல்லை. அம்மா.

திருத்தவில்லை. அக்காவிடம் சொல்லவும் இல்லை.

ஜூன் 12

அக்கா பாஸ்! அதே இல்லத்திலேயே நர்ஸ் வேலை. சமீஹாவைக் கூப்பிட்டுக்கொள்ளலாமாம். அம்மா தெரு முழுக்க அல்வா கொடுத்தாள். அத்தா நெற்றியைத் தரையில் வைத்த சஜ்தாவிலிருந்து எழ ரொம்ப நேரம் ஆயிற்று.

நானும் சிரித்தேன். வாய் வலிக்க.

ஜூலை 3

விசாவுக்கு முன்னால் குழந்தைக்குக் காசநோய் இல்லை என்று சென்னையில் சான்று வாங்க வேண்டும். நான்தான் கூட்டிப் போக வேண்டும். இன்றைக்கு நேரம் கொடுத்திருந்தார்கள்.

சமீஹாவுக்குக் காய்ச்சல் என்று அக்காவுக்கு மெசேஜ் போட்டேன். வீட்டில் சென்னை என்று சொல்லிக் கிளம்பி, வெள்ளிமலை பஸ்ஸில் ஏறிவிட்டேன். வளைவு வரும்போதெல்லாம் அவள் என் மேல் சாய்ந்து சாய்ந்து சிரித்தாள். மேலே போனதும் மேகம் ரோட்டைக் கடந்தது. அவள் கையை நீட்டி மூடிப் பிடித்து, திறந்து, "ஒண்ணுமே இல்ல!" என்றாள். ஒரு சாமைக் கொல்லை ஓரமாக உட்கார்ந்து பொரி தின்றோம்.

"அம்மா கிட்ட போறியா?" என்று கேட்டேன்.

"நீ வரியா?"

எதுக்குடி கேட்டேன் அத?

வீட்டில், கூட்டமாக இருந்தது, வேறு நாள் வரச் சொன்னார்கள் என்று சொன்னேன். நம்பிவிட்டார்கள்.

ஜூலை 9

இன்னொரு தேதியும் போச்சு. இந்த முறை அக்காவிடம் வயிற்றுப்போக்கு என்றேன், வீட்டில் தேதியையே சொல்லவில்லை. அக்கா மாத்திரை பெயர் எழுதி அனுப்பினாள், எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று. மாத்திரை வாங்காமல் அந்தச் செய்தியை மட்டும் நாலு தடவை படித்தேன்.

ஜூலை 22

அக்கா போனில் அழுதாள். முதியோர் இல்ல வேலைக்கு இனி வெளிநாட்டிலிருந்து ஆளே எடுக்க மாட்டார்களாம், இன்றிலிருந்து. நர்ஸுக்கு இல்லை, அவளுக்குச் சம்பந்தமே இல்லை. ஆனாலும் பயந்துவிட்டாள். "இங்க எது எப்ப மாறும்னு தெரியல நௌஷி. சீக்கிரம். புள்ளைக்கு ஒடம்பு சரியானவொடனே."

போனை வைத்தேன். நேராகக் கடைக்குப் போய் அத்தாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அக்கா கிட்ட சொன்ன காய்ச்சல் இல்ல, வயித்துப்போக்கு இல்ல, வெள்ளிமலை போனோம், விசா கெடைக்கக் கூடாதுன்னு துஆ கேட்டேன், நான் கெட்டவ.

அத்தா சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தார். ஊசி நின்றது. அடிப்பார் என்று நினைத்தேன்.

"நான் தெரியாம பண்ணேன்" என்றார். "தெரிஞ்சு பண்ணா இன்னும் ஜாஸ்தி வலிக்கும்மா. அவளுக்கு இல்ல. உனக்கு."

அப்புறம் கல்லாவைப் பூட்டிவிட்டு, "நாளைக்கு மொதல் பஸ்ஸு. நானும் வரேன்" என்றார்.

ஜூலை 23

சான்று கிடைத்தது. டாக்டர் சமீஹாவை இருமச் சொன்னார். அவள் இருமுவதற்குப் பதிலாகச் சிரித்தாள்.

அக்காவிடமும் உண்மையைச் சொன்னேன். கட்டாகிவிட்டதோ என்று போனைப் பார்த்தேன். பிறகு, "அவ உன்ன அம்மான்னு கூப்பிடறா இல்ல?" என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"வீடியோவுல கேட்டுச்சு. நாலு மாசம் முன்னாடியே."

இவ்வளவு நாள் அதை வைத்துக்கொண்டு என்னோடு சாதாரணமாகப் பேசியிருக்கிறாள். நானாக இருந்தால் போனை உடைத்திருப்பேன்.

ஆகஸ்ட் 30

விசா வந்து நாலு நாள் ஆயிற்று. அன்றிலிருந்து சமீஹா என்னை அம்மா என்றால் நான் திரும்பிப் பார்ப்பதில்லை. சின்னம்மா என்றால்தான் பார்ப்பேன். முதல் நாள் ஏழு தடவை கத்தினாள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டே இருந்தேன். தண்ணீர் எல்லாம் உப்பு.

செப்டம்பர் 19

கடைக்கு தீனதயாளன். "அந்த நாட்டுக்கு இன்னாதாம்மா லாபம், கண்டுபுடிச்சியா?" என்றார்.

எங்கக்கா கெடச்சா, அதுதான் லாபம் என்றேன். ஆனா அதுக்காகவா அவங்க வெளிய வந்தாங்க? அவங்க கேட்ட கடல் கெடைக்கல. கேக்காத எங்கக்கா கெடச்சா. அவளையும் வெச்சிக்கலாமா வேணாமான்னு ஆறு மாசத்துக்கு ஒரு தடவ யோசிக்கறாங்க.

"அப்ப நஷ்டம்?"

"ஆலன் தாத்தாவுக்கு எலேனா."

சாக்குக் கட்டைக் கயிற்றால் இறுக்கினார். பிறகு, பால் சங்கத்தில் திரும்பச் சேர மனு கொடுத்திருப்பதாகச் சொன்னார். முழங்கால் ஒத்துழைக்கவில்லையாம். "யாரு கிட்டயும் சொல்லாத, சிரிப்பானுங்க." நான் சிரிக்கவில்லை.

அக்டோபர் 11

சமீஹாவைக் கூட்டிப் போக வந்த அக்கா மூன்று வாரம் இருந்தாள். முதல் வாரம் சமீஹா அவள் மடியில் உட்காரவில்லை. இரண்டாம் வாரம், நான் வேண்டுமென்றே கடையிலேயே கிடந்தேன். மூன்றாம் வாரம் சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அக்கா அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். சமீஹா வாயில் ரிப்பன். என்னைப் பார்த்து, "அசையக் கூடாது, அம்மா சொல்லிச்சு" என்றாள்.

இன்று இருவருக்கும் விமானம். எழுதியது போதும்.

டிசம்பர் 7, ஞாயிறு

அக்கா வீடியோவில் வந்தாள். சமீஹா எங்கே என்றேன்.

"வெளிய. பக்கத்து வூட்டுப் புள்ளையோட. இரு, கூப்பிடறேன்."

"வாணாம்க்கா. போன ஜன்னல் பக்கம் திருப்பு."

ஈரமான ஒரு சின்னத் தோட்டம். சிவப்புக் கோட்டுப் போட்ட இரண்டு முதுகுகள் குனிந்து எதையோ தோண்டிக்கொண்டிருந்தன. எது நம்முடையது என்று கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. இங்கிலீஷில் ஏதோ சண்டை. உடனே சிரிப்பு.

அத்தா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இன்னா பேசிக்கினு இருக்கா?"

"நம்ம கிட்ட இல்லத்தா."

கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். அவருக்கும் தெரிகிற மாதிரி போனைச் சுவரில் சாய்த்து வைத்தேன்.