துரைசாணியின் டயரியை நான் கொடுத்துவிட்ட கதை

ஹீத், 1909 ஏப்ரல்

என் மகன் நாவூமுக்கு அம்மா வர்தா எழுதுவது. நானும் சுகம், பதினோரு கோவேறு கழுதைகளும் சுகம். பிரேசிலில் நீயும் ஜலீலாவும் அவள் வயிற்றுப் பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டுமென்று மாதாவிடம் கேட்டுக்கொண்டு, காலில் துரைசாணியின் கம்பளிக் காலுறையோடு எழுத உட்கார்ந்திருக்கிறேன். நாலு நாளுக்கு முன் உன் அம்மா, ஆக்னஸ் துரைசாணியின் டயரியை ஒரு ஷேக்கின் பெண்டாட்டிக்குக் கொடுத்துவிட்டாள். இப்போது சிரித்துச் சிரித்து விலா வலிக்கிறது, அன்றைக்குச் சிரிப்பே வரவில்லை.

அலெப்போவிலிருந்து பாக்தாத்துக்குத் தரை வழியாகத் தனியாகப் போகிறாள் இந்த இங்கிலீஷ்காரி, அவளுக்குக் கழுதை, சமையல், வழித்துணை எல்லாம் நான்தான். ஒரு பெண்ணால் முடியாது என்று அவள் ஊர் ஆண்கள் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். சேற்றில் இரண்டு கழுதை மூட்டையோடு புதைந்தது, ஓடம் கவிழ்ந்தது, தேர் என்ற ஊரில் ஒன்பது நாள் காய்ச்சல், எல்லாவற்றையும் அந்த டயரியில் எழுதினாள், காய்ச்சலில் படுத்தபடியேகூட எழுதினாள். இது போச்சுன்னா நான் வந்ததை எங்க ஊர்ல எவனும் நம்பமாட்டான் வர்தா என்பாள். எனக்கும் அதில் ஒரு லாபம் உண்டு. அது புத்தகமானால் என் பேர் அதில் வரும், அடுத்த வருஷம் வேறு துரைசாணிகள் என்னைத் தேடி வருவார்கள்.

ஆனா என்ற ஊருக்கு மேலே ஷேக் நாயிஃபின் கூடாரத்தில் இரண்டு நாள் விருந்து. இரண்டாம் நாள் பெண்கள் பக்கத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது அவன் மனைவி வத்ஹா டயரியை எடுத்துப் பச்சைத் தோல் அட்டையைத் தடவினாள், உள்ளே ஒட்டியிருந்த பூவைப் பார்த்தாள், மாஷா அல்லாஹ், என்ன அழகா இருக்கு என்றாள். அலெப்போக்காரி நாக்கு சும்மா இருக்குமா, உங்களுக்குத்தான், எடுத்துக்குங்க என்றுவிட்டேன். நம் தெருவில் விளக்கோ கம்பளமோ யார் எதைப் புகழ்ந்தாலும் இதைத்தானே சொல்வோம், அவர்களும் உங்ககிட்டயே இருக்கட்டும் என்பார்கள். உன் அப்பாவை ஒருத்தி தங்கமான மனுஷன் என்றதற்குக்கூட வாய் தவறி இதையே சொன்னேன், அவளும் மரியாதையாக மறுத்துவிட்டாள். வத்ஹா மறுக்கவில்லை. உன் வீடு செழிக்கட்டும் என்று வாழ்த்தி, டயரியைப் பெட்டிக்குள் வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

துரைசாணி கத்தியிருந்தால் தேவலை, காப்பிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். நான் வத்ஹாவிடம் கெஞ்சினேன். கொடுத்ததைத் திருப்பிக் கேக்கறதுதான் உங்க ஊர் வழக்கமா அக்கா, எங்க நாய்கூடக் கேக்காதே என்றாள். கொடுத்தது கொடுத்ததுதான் அவர்களுக்கு. கெஞ்சி ஆகாது, வியாபாரம்தான் பேசவேண்டும் என்று புரிந்தது. அதில் உங்களைப் பற்றியும் எழுதியிருக்கு, கேட்க வேண்டாமா என்று தூண்டிலைப் போட்டேன். பெட்டி திறந்தது. துரைசாணி தன் ஓட்டை அரபியில் முந்தின நாள் எழுதியதைப் படித்தாள். ஷேக்கின் தாடிக்கு நாலு வரி, அவன் சாம்பல் குதிரைக்கு ஒரு முழுப் பக்கம், அப்புறம், ஷேக்குக்கு ஒரு மனைவி உண்டு. அவ்வளவுதான். வத்ஹா துள்ளி எழுந்தாள். குதிரைக்கு ஒரு பக்கம், எனக்கு ஒரு வரியா, குதிரையா உனக்குக் காப்பி போட்டுச்சு என்றாள். முதலில் துரைசாணி சிரித்தாள், பிறகு நான், பிறகு வத்ஹாவே. திரைக்கு அந்தப் பக்கமிருந்து ஷேக், என்னடி அங்க சத்தம் என்றான், உங்க தாடி நாலு வரிதான் தேறுச்சு என்று இவள் பதில் கொடுத்தாள். அந்தச் சிரிப்பு ஆறுவதற்குள் நான் சொன்னேன், புஸ்தகம் உங்க பெட்டியில இருந்தா உங்க பேரை ஆடுதான் படிக்கும், இவகூடப் போனா சீமையே படிக்கும். வத்ஹா உட்கார்ந்து யோசித்தாள். பிறகு டயரிக்கு ஈடாக என் வெள்ளைக் கழுதையைக் கேட்டாள். அது என் மூத்த பிள்ளை மாதிரி என்றேன், உன்னை நினைத்துச் சொல்லவில்லை. மூன்றாம் சுற்றுக் காப்பியில் பேச்சு முடிந்தது.

டயரி இப்போது துரைசாணியின் இடுப்புத் துணியில் இருக்கிறது, என்னிடம் தொடக்கூடக் கொடுப்பதில்லை. நாவூம், உன் கடையில் யாராவது துணியைப் புகழ்ந்தால் விலையைச் சொல், உபசாரம் சொல்லாதே. ஜலீலாவைப் பாரம் தூக்கவிடாதே. பிள்ளை பிறந்ததும் பாக்தாத்துக்கே எழுது, நான் அங்கே ஒரு மாதம் இருப்பேன். கடவுள் உங்கள் வாசலில் நடமாட்டம் குறையாமல் வைக்கட்டும், என் ஆயுளில் பாதியை உங்களுக்குக் கூட்டட்டும்.

உன் அம்மா,
வர்தா

எதைக் கொடுத்து மீட்டேன் என்று கேட்பாய், வியாபாரி பெற்ற பிள்ளையல்லவா. வத்ஹாவின் பேரும் அவள் தகப்பன் பேரும் அவள் காப்பியும் வரும்படி, குதிரையைவிட ஒரு பக்கம் கூடுதலாக இரண்டு பக்கம், அங்கேயே எழுதிப் படித்துக் காட்டியாகிவிட்டது. என் சிவப்புத் தோல் பூட்ஸ் ஒரு ஜோடி. துரைசாணிக்கு என் வாக்கு: பாக்தாத் போய்ச் சேரும்வரை யார் எதைப் புகழ்ந்தாலும் நான் வாயைத் திறக்கக் கூடாது.