நொட்டாங்கை பாபின்

மாப்ள,

போன வாரம் டீ வாளியைத் தூக்கிக்கொண்டு தையல் கூடத்துக்குள் போனேன். சூடான மெஷின் எண்ணெய் வாசம் மூக்கில் ஏறியதும் நீ பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. அப்போதுதான் உன் மகள் சத்தம் கேட்டது. பக்கத்து மெஷின்காரி தைத்த சட்டையை அவள் புரட்டிக் காட்டி, "ஏன்டி, நொட்டாங்கை போட்டுட்டியா? அடியில பாரு, நூலு கொசகொசன்னு கெடக்கு" என்றாள். கூடமே சிரித்தது. சொன்ன உன் மகளும் சிரித்தாள்.

நான் டீ வாளியை அப்படியே தரையில் வைத்துவிட்டேன். வாடிப்பட்டியில் நாம் தைத்த அதே கம்பெனியில், அடிநூல் சுற்றிய பாபினைத் திருப்பிப் போட்டுவிட்டால் இன்றைக்கு அதற்குப் பெயர் நொட்டாங்கை. புதிதாக வருகிறவர்களுக்கு ஊசி கோக்கக் காட்டித் தரும்போதே இந்தச் சொல்லையும் சேர்த்துத் தந்துவிடுகிறார்கள். அது ஓர் ஆளுடைய இடது கை என்று அதுவரை அங்கே எவருக்கும் தெரியாது. மெஷினை விட்டு இறங்கி வாட்ச்மேனாக வாசலில் உட்கார்ந்திருக்கிற எனக்கு மட்டும்தான் தெரியும்.

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல உன் மகள்தான் எழுதுகிறாள். அந்தச் சொல் வருகிற இடத்திலெல்லாம் பேனாவை நிறுத்துகிறாள். எழுது ஆத்தா என்கிறேன்.

பள்ளிக்கூடச் சட்டைகள் தையல் பிரிந்து திரும்பி வந்த அன்று நடந்தது ஒன்றும் எனக்கு மறக்கவில்லை. அன்றைய சூப்பர்வைசர் வரிசை வரிசையாக நடந்து வந்தான். எந்த மெஷினில் தைத்தது என்று கேட்டானா? ஒரு சட்டையையாவது கையில் எடுத்துப் பார்த்தானா? நீ இடது கையால் பாபின் போடுவதைப் பார்த்தான். அவனுக்கு அது போதும். "இந்தா இருக்கான்யா ஆளு! நொட்டாங்கையில போட்டா நூலு எப்புடிய்யா நேரா வரும்?" என்றான்.

என்ன அநியாயம் மாப்ள! பாபினுக்கு ஏது இடது, வலது? இரண்டு பக்கமும் ஒரே தட்டுதானே. நூல் பின்பக்கமாக மடங்கி, பாபின் உட்காருகிற கேஸின் கீறலுக்குள் போகிறதா என்பதுதான் கணக்கு. மாறிப் போனால் பாபின் கட்டுக்கடங்காமல் சுற்றி, அடிநூல் தொளதொளத்துவிடும். நீயோ ஒவ்வொரு தடவையும் கேஸை நூலில் தொங்கவிட்டு, ஓர் உதறு உதறி, கொஞ்சம் இறங்கி நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் மாட்டுவாய். உள்ளே போன பிறகு போட்டது எந்தக் கை என்று மெஷினுக்கே தெரியாது. சூப்பர்வைசருக்கு மட்டும் தெரிந்துவிட்டதாம்!

"அண்ணே, இவன் தச்ச சட்டைய ஒண்ணு எடுத்துப் பாருங்கண்ணே" என்று நான் எழுந்து நின்றேன்.

"நீ என்ன இவனுக்கு வக்கீலா? தல்லாகுளத்துப் பக்கம் போயி கோர்ட்டுல வாதாடு" என்றான். அதற்கும் சிரிப்பு.

நீ என் சட்டையைப் பிடித்து இழுத்தாய். "உக்காரு மாப்ள. ஒரு வார்த்தைதானே, சொல்லிட்டுப் போறான்."

உன் மேலும் எனக்குக் கோபம்தான். ஒரு வார்த்தைதானா? அதற்குப் பிறகு அவன் தலை தெரிந்தாலே பாபினை வலது கைக்கு மாற்றினாயே! பழகாத விரலில் அது நழுவி மெஷினுக்கு அடியில் ஓடும். நீ குனிந்து தேடுவாய். அதற்கும் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வரும். அப்புறம் யார் பாபினைத் திருப்பிப் போட்டாலும் அதே வார்த்தைதான். நீ மன்னித்திருக்கலாம், நான் மன்னிக்கவில்லை. நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். அந்த சூப்பர்வைசரும் எங்கேயோ போய்விட்டான். வார்த்தை மட்டும் வேலையை விடாமல் நிற்கிறது.

டீ குடித்து முடித்ததும் உன் மகளைத் தனியாகக் கூப்பிட்டேன். "ஆத்தா, அந்த நொட்டாங்கை யாருன்னு தெரியுமா?"

"யாரு மாமா? ஒங்க பழைய சேக்காளியா?" என்று கேலி பேசினாள்.

"ஒங்கப்பன்."

அவள் நம்பவில்லை. "அப்பா சோத்தாங்கையிலதானே சாப்பிடுவாரு?"

சாப்பாட்டுக்கு எல்லோருக்கும் அந்தக் கைதான். வீட்டில் நீ கத்தரிக்கோலைக்கூடத் தொட்டதில்லை, அவளுக்கு எப்படித் தெரியும்? நடந்ததை முழுக்கச் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டாள். "நானே எம்புட்டுத் தடவ சொல்லிருக்கேன் மாமா…"

நேராக இப்போதைய சூப்பர்வைசரிடம் போய் உன் கதையைச் சொன்னேன். "தம்பி, இனிமே அந்த வார்த்தைய இங்க யாரும் சொல்லக் கூடாது." அவர் மரியாதையாகத்தான் பேசினார். "பழகிப்போச்சுண்ணே. அவரையா நெனச்சுச் சொல்றாக? சும்மா ஒரு பேருதானே."

"அப்ப ஒங்க பேரை வச்சுக்குவமா, தப்பாப் போட்ட பாபினுக்கு?" என்றேன். அவர் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

மறுநாள் ஒருத்தி, "ஏய், நொட்டாங்…" என்று ஆரம்பித்தாள். உன் மகள் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள். "திருப்பிப் போட்டுட்டன்னு சொல்லு. அது எங்கப்பா கை." யாரும் சிரிக்கவில்லை.

இப்போது அவளைப் பார்த்ததும் பாதியில் விழுங்குகிறார்கள். பரிதாபப்பட்டு விழுங்குகிறார்களே தவிர, தப்பு என்று விழுங்கவில்லை. நேற்று அவள் லீவு. முழுசாகச் சொன்னார்கள். இது அவளுக்கே இப்போதுதான் தெரியும், எழுதட்டும். வாசலில் இருந்த எனக்குக் கேட்டது. எழுந்து உள்ளே போனேன்.

"கெழவன் வாரான்டி" என்றாள் ஒருத்தி.

ஆமாம் மாப்ள, வருகிறேன். மூட்டு வலிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் அவர்கள் சொல்லுகிற ஒவ்வொரு தடவையும் எழுந்து வருவேன்.